பின்கதவு சாத்தினயா

மாமாவை இன்றைக்கு ஒரு நாள் மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, தீயணைப்பு ஆபீசர் வந்து பார்த்துப் போனதும் மறுபடி அதே இடத்தில் ஏற்றிவிட்டால் என்ன என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே, யாரோ கேட்டுவிட்ட மாதிரி, கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அது பாட்டுக்கு நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து உடுமலைக் கடைவீதியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் நாள் இருந்தது. ஜவுளிக்கடைக்குள் வாடிக்கையாளர் என்று ஒரு ஜீவன் இல்லை. மாமா என்றால் மாமா இல்லை, மாமாவின் படம். ஆனால் அந்தக் கடையில் யாரும் படம் என்று வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை. அண்ணனுக்குப் பூ வாங்கியாச்சுங்க்கா என்பார்கள், அண்ணனுக்கு விளக்கு வெச்சாச்சுங்க்கா என்பார்கள். இரண்டாவது மாடியில், பெண்கள் ஜாக்கெட்டும் நைட்டியும் தைக்கிற இடத்தில், பின்பக்க இரும்புப் படிக்குப் போகிற கதவை முழுசாக அடைத்துக்கொண்டு, ஆளுயரத் தேக்குச் சட்டத்துக்குள், பட்டு வேட்டியும் சட்டைப் பையில் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார் அவள் புருசன் சென்னியப்பன். நெருப்பு கிருப்பு என்றால் மேலே இருக்கிறவர்கள் ஓடுவதற்கென்று இருக்கிற ஒரே கதவு அதுதான். அதை அடைத்து வைத்திருந்தால் கடைக்கு லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாவிட்டால் ஆடிக்குக் கடை இல்லை. ஆபீசர் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவு விஷயத்தை வைத்துக்கொண்டு வசந்தாமணி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அந்த ஆபீசர் கொஞ்சம் கடுசான ஆளாக இருந்திருக்கலாம். அதுதான் அவளுக்கு ஆதங்கம். நாலு வார்த்தை அதட்டியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், பேச்சில் அவளை ஜெயிக்கக் கடைவீதியில் ஆள் கிடையாது. அவரோ ஆறுமுகநயினார் என்று பெயர் வைத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், போன வாரம் படியேறி வந்து மாமாவைப் பார்த்ததும் பூட்சைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று இவள் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. சாக்ஸ் காலோடு நின்று கும்பிட்டார். ஒரு விரலில் சாக்ஸ் ஓட்டை. ஐயா எப்பம்மா தவறுனாங்க என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த மனுசனிடம் எப்படிச் சண்டை போடுவது. விளக்கைப் பார்த்தார், விளக்குக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த புதுத் துணிகளைப் பார்த்தார், சட்டத்தின் ஓரத்தில் கண்ணை வைத்து அந்தப் பக்கம் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு, தன் சொந்தக்காரர் வீட்டில் துக்கம் கேட்கிற குரலில், நான் சொல்லுதேன்னு வருத்தப்படாதீங்க என்றார். புகை வந்துட்டுன்னா கண்ணு ஒண்ணுக்கும் ஆகாதும்மா. கைதான் தேடும். தேடுத கைக்குக் கதவு கிடைக்கணும். அவ்வளவுதான் சொன்னார். மற்றதெல்லாம் வழக்கமான பேச்சு, மணல் வாளி, சிலிண்டர், பழைய ஒயரை மாற்றுவது. எல்லாம் செய்தாயிற்று. வெளியே போகும் வழி என்று பச்சை எழுத்தில் எரிகிற போர்டுகூட மாட்டியாயிற்று. கதவுக்கு மேலே மாட்ட வேண்டும் என்றதால், எலக்ட்ரீசியன் கருமமே கண்ணாக மாமாவின் தலைக்கு மேலே மாட்டிவிட்டுப் போனான். பச்சையாக ஒரு பொம்மை ஆள் ஓடுகிற படம், அதன் அம்புக்குறி நேராக மாமாவின் நெற்றிப் பொட்டைக் காட்டியது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த பிறகு கீழே வருகிற வரைக்கும் ஒரு படியும் கண்ணுக்குத் தெரியவில்லை.

தேடுகிற கைக்கு. மேஜைமேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையைப் புகைக்குள் நீட்டினால் என்ன கிடைக்கும் என்று ஒரு வாரமாக அதையே நினைக்கிறாள். கண்ணாடி கிடைக்கும். சில்லென்று கண்ணாடி, அதற்குப் பின்னால் அவருடைய நெஞ்சு. அது ஒன்றும் கெட்ட விஷயமாக அவளுக்குப் படவில்லை, அங்கேதான் சிக்கல். அவளைப் பொறுத்தவரை நெருப்பிலோ வெள்ளத்திலோ கை தேடினால் மாமாவைத்தான் தேடும். கல்யாணமான புதிதில் அமராவதி அணைக்குக் கூட்டிப்போய், முதலைகளைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கம்பி ஓரமாக நிறுத்திவிட்டு நிலக்கடலை வாங்கப் போய்விட்டார். திரும்பி வந்து பின்னாலிருந்து தோளைத் தொட்டதும் இவள் அலறின அலறலில் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அலறின. முதலை அசையவில்லை என்று வருசக்கணக்காகச் சொல்லிக் கேலி செய்தார். உன்ர சத்தத்துக்கு முதலையே கண்ணை மூடிக்கிச்சு அம்மிணி. அம்மிணி என்று கூப்பிட இப்போது யார் இருக்கிறார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணினால் அம்மா என்கிறான், அப்பா போட்டோவை ஆபீஸ் ரூம்ல மாட்டிரும்மா, சிம்பிள் என்கிறான். அவனுக்கு எல்லாமே சிம்பிள். பெற்றவள் என்ற முறையில் அதை அவள் மன்னித்துவிட்டாள், பேசின பிறகு போனைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள், அவ்வளவுதான்.

கல்லாவுக்கு மேலே மாட்டலாம் என்று காரியம் முடிந்த அன்றைக்கே சொந்தக்காரர்கள் சொன்னார்கள். எல்லாக் கடையிலும் செத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், மாலைக்கும் சீரியல் பல்புக்கும் நடுவில், வருகிறவர் போகிறவரை எல்லாம் எண்ணிக்கொண்டு. அவளுக்குப் பிடிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதோடு துண்டு வாங்க வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், பிறகு விலை பேசாமல் பாவம் என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாவம் அவளுக்கு வேண்டாம். மாமாவுக்கு என்று இந்தக் கட்டடத்தில் ஒரு இடம் இருந்தது, அந்தக் கதவு. மதியம் சாப்பிட்டுக் கை துடைத்த கையோடு மேலே போய்க் கதவை விரியத் திறந்து, நிலைப்படியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, காலை இரும்புப் படியின் தளத்தில் நீட்டிக்கொண்டு உட்கார்வார். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று வந்தால் வேட்டி படபடவென்று அடிக்கும். உள்ளே தையல் மிஷின்கள் ஓடும். கீழே சந்தில் டீக்கடைக்காரரை மேலிருந்தே கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொல்வார். தனபாக்கியம், நேத்து உன்ர பையன் பரிச்சை எப்படி எழுதுனான் என்பார். அது நடந்து முடிந்த பரீட்சையாக இருக்காது, வரப்போகிற பரீட்சையாக இருக்கும், தனபாக்கியமும் திருத்தாமல் நல்லா எழுதுனானுங்கண்ணா என்பாள். அந்த இரும்புப் படியையே அவர்தான் போட்டார். அப்போது யாரும் கேட்கக்கூட இல்லை. பொம்பளப் புள்ளைகளை மாடில உக்கார வெச்சிருக்கறோம், அவங்களுக்கு ஒரு வழி வேணுமில்ல என்று சொல்லிப் போட்டார். அதை நினைக்கிறபோதெல்லாம் வசந்தாமணியின் மனசு செருப்பில் கல் நுழைந்த மாதிரி ஒரு தடவை நொண்டும், பிறகு அந்த இடத்தைத் தாண்டி வேறு பக்கம் போய்விடும். இப்போதும் போனது.

எங்கே போகும், ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். வெள்ளை விரிப்பு, மூக்கில் குழாய், அவர் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்து, பின்கதவு சாத்தினயா என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுசன் போகிறபோது பெண்டாட்டியிடம் சொல்ல எத்தனையோ இருக்கும். அவர் தினமும் ராத்திரி கடையைப் பூட்டுகிறபோது கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். கடைப் பெண்கள் எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பூட்டுவார், எப்போதும் கடைசி ஆளாகத்தான் வெளியே வருவார், வந்து ஷட்டரை இழுத்துக்கொண்டே கேட்பார். பின்கதவு சாத்தினயா அம்மிணி. சாத்திட்டேனுங்க மாமா. அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள். உண்மையில் அந்த அவசரத்தில் கதவை யார் நினைத்தார்கள், அது திறந்தேதான் கிடந்தது. அவர் கண்ணை மூடின பிறகு, வீட்டுக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள், தம்பியின் பைக்கில் ஏறிக் கடைக்கு வந்து, மேலே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் போனாள். அந்த நேரத்தில் கடைக்கு எதுக்குடி போனே என்று ஊரே பேசியது, பேசட்டும். சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று போனாள். அதன்பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை. சட்டத்தை மாடியிலேயே வைத்துப் பூட்டச் சொல்லி, அதன்மேலேயே அவரை நிறுத்தி, தாழ்ப்பாளோடு கம்பி சுற்றி இறுக்கி, கீழே ஒரு பலகை போட்டு, விளக்கு வைத்தாள். கடைக்குப் புதுத் துணி பேல் வந்து கட்டுப் பிரித்தால் முதல் உருப்படி அவர் காலடிக்குப் போகும், அது அவர்கள் கடையில் தானாக வந்த பழக்கம். முதல் வேட்டி, முதல் துண்டு, தீபாவளிக்கு வந்த முதல் சேலைகூட. விளக்கும் துணியும் பக்கத்தில் பக்கத்தில். ஆபீசர் அதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

என்னமோ தீய்கிற வாசனை வந்தது. வசந்தாமணி எழுந்தேவிட்டாள். மூக்கை உறிஞ்சினாள். கஞ்சி போட்ட புதுத் துணி வாசனை, ரப்பர் செருப்பு, யாரோ தின்ற ஊறுகாய். வேறு ஒன்றும் இல்லை. எதிர்க்கடை பேக்கரியில் பன் தீய்ந்திருக்கும். உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் இப்படித்தான், மூக்குக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. போன மாசம் டிவியில் ஏதோ ஊரில் ஏதோ கட்டடம் எரிவதைக் காட்டினபோது சட்டென்று அணைத்தாள், அணைத்த பிறகும் ஜன்னலில் ஒரு கை ஆடுவது தெரிந்துகொண்டே இருந்தது. அதே வாரம்தான் மேலே இஸ்திரிப் பெட்டியின் ஒயர் புகைந்ததாகப் பேச்சு வந்தது. மூட்டு வலியோடு இவள் படியைப் பிடித்துப் பிடித்து ஏறுவதற்குள், ஒண்ணுமில்லீங்க்கா, பிடுங்கிப் போட்டாச்சு, நீங்க ஏறாதீங்க என்று தனபாக்கியம் பாதிப் படியிலேயே மறித்துவிட்டாள். காலையில் விளக்கு வைக்க ஒரு நடை ஏறுவதோடு சரி, மற்றபடி மேல்மாடி அவர்கள் ராஜ்யம். நல்ல பெண்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. அந்த டேமேஜ் சேலைகள். கறை பட்டது, இழை விட்டது என்று ஒதுக்கிவைத்த நூல் சேலைகள் மாடி அலமாரியில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. யார் எடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. கேட்டால் கொடுத்திருப்பாள், அதுதான் வருத்தம். மேகலாவாக இருக்கும் என்று நினைத்தாள், மாசமாக இருக்கிற பெண், தூளி கட்டப் பழஞ்சேலை வேண்டியிருக்கும். பிறகு, சீ, அந்தப் பிள்ளையைப் போய் அப்படி நினைப்பதா என்று தன்னையே வைதாள். கேட்கவில்லை, கேட்காமல் மனசில் வைத்துக்கொண்டாள். அதுவும் ஒரு பக்கம் கிடந்து உறுத்தியது.

மணி ஆகிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று மறுபடி மனசு ஆரம்பித்தது, இந்த முறை கொஞ்சம் குழைந்து. படத்தை இறக்கு, ஆபீசர் வருவார், கதவைத் திறந்து பார்ப்பார், தலையாட்டுவார். போனதும் ஏற்று. இதில் யாருக்கு என்ன நஷ்டம். இத்தனை வருசம் எரியாத கட்டடம் இனிமேலா எரியப்போகிறது. அந்த மனுசன் சாக்ஸ் ஓட்டையோடு கும்பிட்டாரே, அவரை ஏமாற்றுவதா. ஏமாற்றுவது என்ன, அவருக்கு வேண்டியது திறந்த கதவு, எனக்கு வேண்டியது மாமா. தேடுகிற கைக்கு. அட, அதை விடு. சாத்தினயா என்றுதானே கேட்டார், திறந்தாயா என்றா கேட்டார். சாத்திட்டேனுங்க மாமா, சாத்தியேதான் இருக்குதுங்க. ஒரே ஒரு நாள் திறந்துட்டு, மறுபடி நானே சாத்திப்போடறனுங்க. இப்படிச் செத்தவரிடம் தவணை கேட்டுக்கொண்டே எழுந்து, கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். முதல் மாடியில் சேலைப் பிரிவுப் பெண்கள் அவளைப் பார்த்ததும் தூக்கத்தை மறைத்துக்கொண்டு மடித்த சேலையை மறுபடி மடித்தார்கள். மடிச்சதையே எத்தனை தடவை மடிப்பீங்க கண்ணு என்றாள் போகிற போக்கில். அடுத்த படிக்கட்டில் மூட்டு நின்று பேசியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் படி எவ்வளவு குறுகல் என்பது நின்றால்தான் தெரிகிறது. இரண்டு பேர் ஒன்றாக இறங்க முடியாது. இதில் மேலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தால். அவள் அதை யோசிக்க விரும்பவில்லை, மேலே ஏறினாள்.

அவளைக் கண்டதும் மிஷின்கள் நின்றன. மாமா பச்சை விளக்குக்குக் கீழே சிரித்தபடி இருந்தார். அண்ணனைக் கொஞ்சம் நகத்தோணும் அம்மிணிகளா என்றாள் வசந்தாமணி. ஒரு நாளைக்குத்தான். ஆபீசர் வந்துட்டுப் போனதும் இருந்த மாதிரியே வெச்சுக்கலாம். கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவள் தனபாக்கியம், அவள்தான் கடைசியில் செரிங்க்கா என்றாள். செரி என்கிற அந்த வார்த்தை பாதியில் தரை தட்டின மாதிரி இருந்தது. எதற்கு என்று வசந்தாமணிக்குப் புரியவில்லை. முன்பக்கம், கடைப் பெயர் போர்டு மாட்டுவதற்காகக் கம்பியை அறுத்துவிட்ட ஜன்னலுக்குக் கீழே, வெட்டுத்துணி போடுகிற மரப்பெட்டி இருந்தது. அதன்மேல் சாய்த்து வைக்கலாம் என்று அந்தப் பக்கம் நடந்தாள். ஜோதிமணி என்கிற பெண் மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள். அங்க வேண்டாங்க்கா. ஏன் கண்ணு. அங்க வெயில் வருமுங்க்கா, அண்ணன் மேல அடிக்கும். பொய் சொல்லத் தெரியாத முகம். வசந்தாமணி அவளை மெதுவாக நகர்த்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். மேலாக வெட்டுத்துணி, அதற்குக் கீழே அந்த டேமேஜ் சேலைகள். ஓகோ என்றது மனசு. அந்த ஓகோவைப் பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்து வெட்கப்பட்டாள். ஒரு சேலையைப் பிடித்து இழுத்தாள். அதன் தலைப்போடு இன்னொரு சேலை வந்தது. அதன் முனையில் இன்னொன்று. ஒவ்வொரு தலைப்பும் அடுத்ததோடு இரண்டு முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் தையலும் போட்டு, நல்ல கெட்டித் தையல், ஜாக்கெட்டுக்குப் போடுகிற தையல் இல்லை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசி முனை ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த இரும்பில் கட்டியிருந்தது.

இது என்ன அம்மிணி என்றாள். தெரிந்தேதான் கேட்டாள். தனபாக்கியம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துத் திறந்து திறந்து மூடினாள். அன்னிக்கு ஒயர் பொகஞ்சுதில்லீங்க்கா, அன்னிக்கு எல்லாரும் படிக்கு ஓடிட்டோம். ஒருத்தி மேல ஒருத்தி. மேகலா நடுவுல மாட்டிக்கிட்டா. அப்பறந்தான் இப்படி ஒண்ணு செஞ்சு வெச்சுக்கலாமுன்னு. ஆகாத சேலைதானுங்க்கா எடுத்தோம், நல்லதுல கை வெக்கல. வசந்தாமணி பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். எங்கிட்டச் சொல்லக் கூடாதா. எப்படிங்க்கா சொல்றது, அண்ணனை எடுங்கன்னு எந்த வாயில சொல்றது என்றாள் தனபாக்கியம். மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரி, பயப்படாதீங்க்கா, என்னைத்தான் மொதல்ல இறக்கறதுன்னு பேசி வெச்சிருக்குதுங்க என்றாள். இடுப்புல கட்டி, இவங்க எல்லாரும் மேலிருந்து புடிச்சுக்குவாங்க.

வசந்தாமணிக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் முன்னால், சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். இந்தப் பிள்ளைகளுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்பது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இந்த ஜன்னலிலிருந்து, இந்தத் தெருவுக்கு, அந்த வயிற்றோடு ஒரு பெண்ணைச் சேலையில் கட்டித் தொங்கவிடத் தயாராக இருந்திருக்கிறார்கள், அவளுடைய மனசு நோகக் கூடாது என்று. அவளோ மாமாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். செத்தவரை நெருப்பு என்ன செய்யும். அவள் சேலைமேல் சாய்ந்து அழுகையில், இத்தனை காலமாக நொண்டி நொண்டித் தாண்டின அந்தக் கல்லை மனசு இப்போது தாண்ட முடியாமல் அங்கேயே நின்றது. பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு வழி வேணுமில்ல. அவர் போட்ட படி. அவர் போட்ட கதவு. ராத்திரி சாத்தினயா என்று கேட்கிறவர்தான் விடிந்ததும் முதல் வேலையாக மேலே வந்து அதைத் திறந்து விட்டவர். ஒரு நாள் தவறினதில்லை. ராத்திரிக் கேள்வியை மட்டும் இவள் பிடித்துக்கொண்டாள், காலையை மறந்துபோனாள். அன்றைக்கு ராத்திரி சாத்தினது, அவளுக்கு இன்னும் விடியவே இல்லை. இத்தனை நாளாகவா மாமா அந்தக் கதவில் முதுகை வெச்சு நின்னுட்டிருக்கறீங்க, கால் வலிச்சிருக்குமே என்று நினைத்தாள்.

எழுந்து முகத்தைத் துடைத்தாள். மாமாவின் காலடியிலிருந்த துணியை எல்லாம் எடுத்து ஜோதிமணி கையில் கொடுத்தாள். மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி விளக்கைக் குளிரவைத்தாள். தாழ்ப்பாளில் சுற்றியிருந்த கம்பியை யாரையும் தொடவிடாமல் தானே பிரித்தாள், விரல் நுனியில் ரத்தம் வந்தது, அது வரட்டும். தனபாக்கியமும் அவளும் சட்டத்தைப் பிடித்து அலுங்காமல் நகர்த்திச் சுவரோரம் நிறுத்தினார்கள். கதவு மாமாவின் அளவுக்கு மட்டும் சாயம் மங்காமல் இருந்தது. தாழ்ப்பாள் துருவேறி அசைய மறுத்தது. அவள் விளக்கை எடுத்து, மாமாவுக்கு ஊற்றின நல்லெண்ணெயைத் தாழ்ப்பாளின் தலையில் சொட்டச் சொட்ட ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து இழுத்தாள். ஒரு முனகல், பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளினதுதான் தாமதம், இத்தனை வருசமாக வெளியே காத்துக்கொண்டிருந்த ஆனிக் காற்று திமுதிமுவென்று உள்ளே புகுந்து வெட்டுத்துணிகளை எல்லாம் கூரைக்கு அனுப்பியது. பெண்கள் சிரித்துக்கொண்டே அதைப் பிடிக்க ஓடினார்கள்.

கீழே சந்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஆறுமுகநயினார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். யம்மா, திறந்துட்டீங்களா என்றார். திறந்தாச்சுங்க, அப்படியே நில்லுங்க, புள்ளைக வர்றாங்க என்று வசந்தாமணி மேலிருந்தே சொன்னாள். பிறகு உள்ளே திரும்பி, பேசி வெச்சபடியே போலாம், மேகலா மொதல்ல என்றாள். கண்ணை மூடிக்கிட்டு உன்ர மிஷின்லிருந்து வா கண்ணு, கையால தேடிட்டு வா. மேகலா கண்ணை மூடினாள். நாற்காலியைத் தடவி, சுவரைத் தடவி, நிலையைத் தடவி, வெளிக் காற்று முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்து சிரித்தாள். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள், கீழே ஆபீசர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். பின்னாலேயே ஜோதிமணி, மற்றவர்கள். இரும்புப் படி அத்தனை பேரையும் தாங்கியது, ஒரு சத்தம் போடவில்லை, மாமா போட்ட படி.

மாடி காலியானது. தனபாக்கியமும் அவளும் மட்டும் நின்றார்கள். அண்ணனை மறுபடி எங்கீங்க்கா வெக்கறது என்றாள் தனபாக்கியம். கீழ, கல்லாவுல, என்ர பக்கத்துல, முதுகுக்குப் பின்னால வேண்டாம் என்றாள் வசந்தாமணி. உட்படி குறுகல், அதில் சட்டம் திரும்பாது. அதனால் அவரையும் இந்த வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தனபாக்கியம் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்க, வசந்தாமணி தலைப் பக்கத்தைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள். மாமாவின் காது அவள் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாரும் போயிட்டாங்க மாமா, நீங்கதான் கடைசி, நாம போலாமுங்க என்றாள் மெதுவாக. இரும்புத் தளத்தில் காலை வைத்ததும், ஒரு கை தன் பழக்கத்துக்குப் பின்னால் போய்க் கதவைத் தேடியது. கைக்குக் கதவு கிடைத்தது. அதைச் சாத்தாமல் விட்டுவிட்டு இறங்கினாள்.